காலைக் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை

“பிழை எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு சார். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சரி பண்ணிடறேன்” என்றார் பேக்கரிக்காரர்.

“அதெல்லாம் இருக்கட்டும். எந்த முறைப்படி பண்ணப் போறீங்க?” என்று கேட்டார் தலைவர்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் அது. இலவசம். அதன் நிரலை எழுதுகிறவர்களுக்கும் பைசா கிடையாது. பேக்கரிக்காரர், ஒரு நர்ஸ், ஒரு கணக்கு வாத்தியார் என்று அவரவர் வீட்டில் ஓய்ந்த நேரத்தில் எழுதுகிறார்கள். தொடங்கிவைத்த புண்ணியத்துக்கு இவர் தலைவர். சமீபகாலமாக அந்த மென்பொருள் பாதி வாக்கியத்தில் ஊமையாகிவிடுகிறது. தலைவரின் அக்காவுக்குக் கண் தெரியாது. ஒண்ணாம் தேதி புது வேலையில் சேர வேண்டும். இது பேசாவிட்டால் வேலை போச்சு.

பேக்கரிக்காரர் ஞாயிறு முழுக்க எந்த முறை என்று யோசித்துவிட்டு, கம்ப்யூட்டரை மூடிவைத்தார்.

தலைவர் தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ கூட்டம் போட்டார்.

“அப்போ அடுப்பு முன்னாடி நிப்பேன் சார்” என்றார் பேக்கரிக்காரர்.

“நான் அப்பதான் டியூட்டி முடிஞ்சு தூங்கப் போவேன்” என்றார் நர்ஸ்.

“ஆர்வம் இருக்கறவங்க வருவாங்க!” என்று சீறினார் தலைவர்.

எட்டு மணிக்குத் திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, கூட்டம் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதி, இணையத்தில் எல்லாரும் பார்க்கும் பொதுப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றார். அன்றைக்கே வாத்தியார் பிழையைத் திருத்தி அனுப்பினார்.

“அட்டை எங்கே?”

“எந்த அட்டை சார்? அதான் வேலையே முடிஞ்சுடுச்சே!”

“அட்டை இல்லாம ஏத்துக்க முடியாது!”

திருத்தம் திரும்பிப் போனது. அநியாயம்தான், ஆனால் தலைவரிடம் யார் சொல்வது?

கடைசியில், எந்த முறை வேண்டும் என்று ஓட்டுக்கு விட்டார். ஓட்டை எப்படி எண்ணுவது என்பதற்கும் தனியாக ஓர் ஓட்டு. அதோடு குழுவில் ஈ காக்கை இல்லை.

“உப்புப் போட்டுத்தான் சாப்பிடறாங்களா இவங்க? ஒருத்தருக்காவது சுரணை இருக்கா?” என்று வீடு அதிரக் கத்தினார். பக்கத்து அறையில் அக்கா காதில் ஹெட்போனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். பாட்டுக் கேட்கிறாள் போல. பாவம், விஷயம் தெரியாது.

ஒண்ணாம் தேதிக்கு முதல் நாள் அவள் முன்னால் போய் நின்றார்.

“அக்கா, மன்னிச்சிடு. நாளைக்குள்ள அதைச் சரி பண்ண முடியாது. எல்லாம் சோம்பேறிக் கூட்டம்.”

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். உள்ளே ஒரு குரல் நிற்காமல் படபடவென்று வாசித்துக்கொண்டிருந்தது.

“யாருடா சோம்பேறி? போன வாரமே சரியாயிடுச்சு. வாத்தியார் திருத்தினதை வெச்சுத் தனியா ஒரு பிரதி எடுத்து, எல்லாரும் இப்ப அங்கதான் வேலை பண்றாங்க. சோதிச்சுப் பார்க்கறது நான்தான்.”

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. “என்னைக் கேக்காமலா? எந்த முறைப்படி?”

“ஒரே ஒரு விதிதான்டா. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாது.”