பிழையே இல்லாத விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்படி எழுத முடியவில்லை. உங்கள் தங்கை நலம், இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது என்பது தவிர. இன்னும் இரண்டு வாரத்தில் ஆபரேஷன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியாதது, அவளுக்கும் தெரியாதது, அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையோடு எனக்கு வேலை போகிறது என்பது. ஆபரேஷனே கம்பெனிக் காப்பீட்டில்தான். வேலை போனால் காப்பீடும் போகும், அதன் பிறகு நானும் வீட்டுக்குள் நுழைய முடியாது. போனில் சொல்லலாம் என்றால், உங்கள் தங்கைக்குக் கண்தான் பழுது, காது கூர்மையாகத்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் பேசினால் எல்லோர் காதிலும் விழும். அதனால் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் காரணம் நீங்கள்தான். போன முறை வந்தபோது, "மாப்பிள்ளை, உங்க இங்கிலீஷ்ல நாலு வார்த்தைக்கு அஞ்சு தப்பு இருக்கு" என்று சொல்லி, அன்றாட ஆங்கிலத்தில் நாம் செய்யும் பிழைகள் முந்நூற்றுப் பன்னிரண்டை உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய நோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அன்றைக்குப் பிடித்தது சனி. மருத்துவப் புத்தகத்தைப் புரட்டியவனுக்கு எல்லா வியாதியும் தனக்கு இருப்பதாகத் தோன்றுமாமே, அப்படி ஆகிவிட்டது. 'மைசெல்ஃப் ஸ்டோர் கீப்பர்' என்பது தப்பு, 'டிஸ்கஸ் அபவுட்' தப்பு, 'ரிட்டர்ன் பேக்' தப்பு, 'ஐ ஆம் ஹேவிங் ஒன் ஒய்ஃப்' பெரிய தப்பு. இந்த நான்கையும் ஒரே போன் காலில் தலைமை அலுவலகத்திடம் சொன்னவன் நான். இருபத்தாறு வருஷம் வெட்கமில்லாமல் பேசிக்கொண்டிருந்தவனுக்கு நோட்டைப் படித்த பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போன வாரம் தலைமை அலுவலகத்து அம்மா போனில் இருப்புக் கணக்கு கேட்டபோது, எந்த வாக்கியம் சரி என்று யோசித்து ரிசீவரில் வெறும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். எவனோ கெட்ட எண்ணத்தோடு மூச்சு விடுகிறான் என்று திட்டிவிட்டு வைத்துவிட்டாள். திட்டியது நல்ல இங்கிலீஷ்.

இந்த நிலையில்தான் உங்கள் தங்கைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட இரண்டு வாரம் லீவு கேட்க வேண்டி வந்தது. எங்கள் தொழிற்சாலையில் யாரும் சொந்தமாக இங்கிலீஷ் எழுதுவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் விலகிப்போன டைப்பிஸ்ட் ஒரு நீல ஃபைலை விட்டுச் சென்றிருக்கிறார். பழைய கடிதங்களெல்லாம் அதில் இருக்கும். ஒன்றை எடுத்து, தேதியை மாற்றி, ஈயடிச்சான் காப்பி அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். நானும் எடுத்தேன். ஆனால் நோட்டு இருக்கிறதே! லீவு விண்ணப்பம் என்று இருந்த எல்லாவற்றிலும் நோட்டை வைத்துப் பார்த்தால் தப்பு. கடைசிப் பக்கத்தில் ஒன்று இருந்தது, அடடா, அப்படி ஒரு கடிதம். மூன்று நாள் மதிய இடைவேளையில் சாப்பிடாமல் அதை முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகளோடும் வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரு பிழை கிடையாது. பேக்கிங் மேற்பார்வையாளர் மட்டும் கேட்டார்: "கண்ணு ஆபரேஷன்னு எங்கயும் எழுதலையே?" நான், "எழுதினா தப்பு வந்துடும், நேர்ல சொல்லிக்கலாம்" என்று சொல்லி, மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மைத்துனரே, பிழையைத் தேடிய கண் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அது அந்த டைப்பிஸ்டின் ராஜினாமாக் கடிதம்.

மானேஜர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இங்கிலீஷுக்காக என்று நினைத்தேன். பேக்கிங் பெண்கள் சேர்ந்து சுவர்க்கடிகாரம் வாங்கியிருப்பதாகக் காதில் விழுந்தது. இரண்டு வார லீவுக்குச் சுவர்க்கடிகாரமா என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். நேற்று கவரில் என்னை வேலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவு வந்தது. முதல் இரண்டு வரி படித்ததும் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தேன், அது நசுங்கிவிட்டது. மீதியைப் படிக்கத் தெம்பில்லை. ஓடிப்போய் மானேஜர் அறைக் கதவைத் தட்டினால், வாயைத் திறக்கும் முன்பே அவர், "இந்தக் கம்பெனிக்குத் தப்பே இல்லாம வந்த முதல் லெட்டர் உங்களோடதுதான் ஸ்டோர்காரரே, படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்கிறார். காப்பி அடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் உங்கள் தங்கை கவரைத் தடவிப் பார்த்து, "லீவு குடுத்துட்டாங்களா?" என்றாள். "குடுத்துட்டாங்க, நிறையவே" என்றேன். கட்டு அவிழ்த்ததும் அவள் முதலில் படிக்கப்போவது அந்தக் கவரைத்தான். ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதம் நீல ஃபைலில் இல்லை, இங்கிருந்து போன யாரும் திரும்பி வந்ததில்லை. அப்படி ஒன்றைப் பிழையில்லாமல் எழுதி உடனே கூரியரில் அனுப்புங்கள். உங்கள் நோட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது இருக்கும் வீட்டில் இனி நான் நிம்மதியாக இருக்க முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களையாவது தைரியமாகத் தப்பாகப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
பயத்துடன்,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: இந்தக் கடிதத்தின் கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். வேர்த்துப்போய் இருந்தார். உத்தரவை அவரும் நீல ஃபைலிலிருந்துதான் எடுத்திருக்கிறார். தேதியை மாற்றியவர் அந்த டைப்பிஸ்டின் பெயரை மாற்ற மறந்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்பே விலகியவரை இன்னொரு முறை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது. "ஸ்டோர்காரரே, உங்க லெட்டரைத் திருப்பி வாங்கிக்குறீங்களா? என் மானத்தைக் காப்பாத்துங்க" என்றார். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, வாங்கிக்கொண்டேன். லீவையும் கேட்டேன், வாயால், தமிழில். அரை நிமிஷத்தில் கொடுத்துவிட்டார். கதவு வரை வந்தவனை மறுபடி கூப்பிட்டார்: "இது எப்படி நடந்துச்சுன்னு தலைமை அலுவலகம் விளக்கம் கேக்குது. இனிமே இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் நீங்கதான் எழுதணும். நம்ம கம்பெனியில தப்பில்லாம எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்."

கவருக்குள் நோட்டைத் தேடாதீர்கள். எடுத்து வைத்துக்கொண்டேன்.