பொருள்: குளியலறை ஒழுகல்

"திட்டணும். ஆனா மரியாதையா திட்டணும்" என்றார் சங்கரன்.

மஹதி கதவைப் பிடித்தபடி நின்றாள். மந்தைவெளியில் மூன்று மாடிக் குடியிருப்பு அது. தரைத்தளத்தில் மஹதியும் அம்மாவும். முதல் மாடியில் சங்கரன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் தலைக்கு மேலே ஜவஹர், தி.நகர் ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். ஜவஹர் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அன்று காலையிலிருந்து சங்கரன் வீட்டுக் குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேரே போய்ச் சொல்லலாமே, மாமா."

"சொன்னா சண்டை ஆயிடும். தமிழ்ல எழுதினாலும் சண்டைதான். இங்கிலீஷ்ல எழுதினா அது கரெஸ்பாண்டன்ஸ். எனக்கு வர இங்கிலீஷ்ல லீவு லெட்டர்தான் எழுதலாம். நீ எம்.ஏ. இங்கிலீஷ் ஆச்சே."

உள்ளேயிருந்து அம்மா காமாக்ஷியின் குரல் வந்தது. "எழுதிக் குடுடி. படிச்ச படிப்பு இதுக்காவது ஆகட்டும்."

படிப்பு முடிந்து ஐந்து மாதம். பதினாறு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. இரண்டும் நன்றி மட்டும் சொல்லின. ஆடி முடிவதற்குள் எழுதுகிற வேலை கிடைக்காவிட்டால் தி.நகரில் வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பு என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மஹதிக்கு வங்கிமேல் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு ரயில் ஒரு பாலத்தைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று கண்டுபிடிப்பதுதான் அவளால் ஆகாது.

அன்று அவள் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். கூரையில் ஈரம் பரவுவதைச் சொல்ல ஒரே வாக்கியம். பதினோரு வரி.

சாயங்காலம் மணி அடித்தது. ஜவஹர். கையில் அவளுடைய கடிதம்.

"எம்மா, கீழ்வீட்டு வாத்தியார் என்னமோ எழுதியிருக்காரு. எனக்குச் சேலை டிசைன் பேரைத் தாண்டி இங்கிலீஷ் ஓடாது. படிச்சுச் சொல்லு."

தன் கடிதத்தைத் தானே படித்தாள். காரத்தைக் குறைத்துத் தமிழில் சொன்னாள்.

"ஒன்றரைப் பக்கத்துக்கு இவ்வளவுதானா?"

"சுருக்கமா சொன்னேன், அங்கிள்."

"பதிலும் நீயே எழுதிரு. அவரு ஒன்றரைப் பக்கம்னா நமக்கு ரெண்டு வேணும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பணிவாக ஒரு பதில் போனால் விஷயம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஜவஹருக்கு வேறு நடை. எந்த வாக்கியமும் ஐந்து சொல்லைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை சங்கரன் அந்தப் பதிலோடு வந்தார்.

"பாத்தியா, எவ்வளவு பணிவு! இவ்வளவு பணிவா எழுதினா அதுக்குப் பேரு கிண்டல்."

"இல்ல மாமா, நெஜமாவே பணிவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மஹதி பேனாவை எடுத்தாள்.

பத்து நாளில் ஆளுக்கு நான்கு கடிதம் ஆயிற்று. மூன்றாவது கடிதத்தின்போது கேட்டாள். "மாமா, அந்தக் கறையை ஒரு தடவை வந்து பாக்கட்டுமா?"

"எதுக்கு? நீ லிட்டரேச்சர். கற்பனை பண்ணிக்கோ."

கற்பனை செய்தாள். கறை வளர்ந்தது. அதற்குக் கரையோரங்களும் தீவுகளும் வந்தன.

இருவரும் கடிதங்களின் நகலை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். பால் வாங்க இறங்கியவர்கள் நின்று படித்தார்கள். நீள வாக்கியம் பிடித்தவர்கள் நீளக் கட்சி, குட்டை வாக்கியம் பிடித்தவர்கள் குட்டைக் கட்சி என்று குடியிருப்பு பிரிந்தது. அம்மாவும் படித்துவிட்டு வந்தாள்.

"சங்கரனுக்கு நீ எழுதறது தேவலை. ஆனா ஜவஹருக்கு யாரோ எழுதிக் குடுக்கறா பாரு, அவாளுக்கெல்லாம் வேலை எப்பவோ கெடைச்சிருக்கும்."

மஹதி மோர் குடித்தாள்.

இதை நிறுத்த ஒரே வழி மோசமாக எழுதுவது என்று தோன்றியது. ஜவஹருக்கு உப்புச் சப்பில்லாமல் ஒன்று எழுதிக் கொடுத்தாள். அவர் காகிதத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"துணியைத் தொட்டாலே தெரிஞ்சிரும்மா. இது பாலியெஸ்டர். எனக்குப் பட்டு வேணும்."

அடுத்து எதிர்வழி. இரண்டு பேரும் பயந்து ஒதுங்கும் அளவுக்குக் கடுமையாக, ஆளுக்கு ஒன்று எழுதினாள். அவர்கள் பயப்படவில்லை. கடிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேராக மூன்றாம் மாடி வக்கீல் ஜெயஸ்ரீயிடம் போனார்கள்.

ஜெயஸ்ரீ ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம் போட்டாள். ஆடியின் கடைசி ஞாயிறு. திங்கட்கிழமை பயிற்சி வகுப்பு ஆரம்பம்.

எல்லோரும் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டியருகே குடியிருப்பின் பிளம்பர் கரீமுல்லாவும் நின்றார். ஒழுகலைப் பற்றிக் கேட்கவென்று அவரையும் வரச் சொல்லியிருந்தாள் ஜெயஸ்ரீ.

"ஒழுகல் அப்புறம்" என்றாள் ஜெயஸ்ரீ. எட்டுக் கடிதங்களையும் காற்றில் ஆட்டினாள். "முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. இதை எழுதினது யாரு? நீங்க ரெண்டு பேரும் இல்லன்னு எனக்குத் தெரியும். என் ஆபீஸ்ல ஒரு நோட்டீஸ் எழுத நாலு பேர் நாலு நாள் எடுத்துக்கறாங்க. எழுதினவங்களுக்கே அது புரியல. எனக்கு இந்த நீளக்காரரும் வேணும், குட்டைக்காரரும் வேணும். ரெண்டு நாற்காலி காலியா இருக்கு."

சங்கரன் வானத்தைப் பார்த்தார். ஜவஹரும் அதே இடத்தைப் பார்த்தார்.

சொன்னால் இரண்டு வீட்டுக்கும் துரோகி. சொல்லாவிட்டால் நாளைக் காலை ரயில், பாலம். மஹதி கையைத் தூக்கினாள்.

"நீளமானது நான்தான்."

கை இறங்கவில்லை.

"குட்டையானதும்."

"அடிப்பாவி, அதுவும் நீதானா?" என்றாள் அம்மா. திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது வேறு குரலாகிவிட்டது.

ஜெயஸ்ரீ இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

"உன்னோட நீயே பத்து நாள் சண்டை போட்டியா? அதுவும் யாருமே ஜெயிக்காம? நாளைக்குப் பத்து மணிக்கு லஸ்ல என் ஆபீசுக்கு வந்துடு. காலை முதல் சாயங்காலம் வரை எழுதறதுதான் வேலை. சம்மதமா?"

மஹதி தலையாட்டினாள். நீளக் கட்சியும் குட்டைக் கட்சியும் சேர்ந்து கைதட்டின. யாரோ கீழே ஓடிப்போய் மைசூர்பாகு எடுத்து வந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் பெரியவர்கள் இருவர் பக்கமும் திரும்பினாள். அவர்கள் கோபமாக இல்லை. கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் புரியவில்லை.

"சாரி, மாமா. சாரி, அங்கிள். இப்பவாவது அந்த ஒழுகலைச் சரி பண்ணிடலாம்."

கரீமுல்லா வாயிலிருந்த மைசூர்பாகை விழுங்கிவிட்டுச் சங்கரனைப் பார்த்தார். பிறகு ஜவஹரைப் பார்த்தார்.

"இன்னா சார், பாப்பாவுக்குத்தான் வேல கெட்ச்சிடுச்சே, இனிமேலாவது சொல்லலாமா? அந்தப் பைப்ப நான் மொத நாளே அடச்சிட்டேன்."