அசையாத தம்பிக்கு இறுதி எச்சரிக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் நலமில்லை, உன்னைத் தேடி மூன்று முறை மாடிப்படி ஏறியதன் விளைவு. மூன்று முறையும் உன் மனைவி கதவைத் திறந்து, "அவர் குளிக்கறார் அண்ணி" என்றாள். இவ்வளவு சுத்தமான மனிதனை நம் குடும்பம் இதுவரை கண்டதில்லை. ஆகவேதான் அடுத்த தெருவில் இருக்கும் உனக்கு, சலவைக்காரரிடம் உன் சட்டைகளோடு இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உனக்குத் தெரியும். ஃபோனில் நாம் போடும் விளம்பர லிங்க்கைத் தொட்டு யாராவது மிக்சி வாங்கினால் கம்பெனி நமக்கு ஒரு பங்கு தரும். அவரவருக்குக் கீழே ஓர் அணி. ஓரகத்தி என்னைச் சேர்த்தாள், நான் உங்கள் நான்கு பேரையும் சேர்த்தேன். நான்கு பெயருக்கும் நேரே என் ஃபோனில் சிவப்புப் புள்ளி. மூன்று மாதமாக ஒருவரும் ஒரு விளம்பரம்கூடப் போடவில்லை என்று பொருள். நாளை சனிக்கிழமைக்குள் மூன்று புள்ளியாவது பச்சையாகாவிட்டால் என் அணியைக் கலைத்து, நான் உட்பட எல்லோரையும் ஓரகத்தியின் கீழே தள்ளிவிடுவார்கள். நாற்பது வருடம் ஒரே சமையலறையில் அவளுக்குக் கீழே போகாமல் காத்த மானம் இது. நேற்றே ஃபோன் செய்துவிட்டாள். "கான்வென்ட்ல ஆளை மேய்க்கச் சொல்லித் தரல போலிருக்கே! கவலப்படாம வா, நான் பாத்துக்கறேன்." அந்தப் 'பாத்துக்கறேன்' இன்னும் காதைக் குடைகிறது.

நிர்வாகத்தில் நான் என்ன குறை வைத்தேன், சொல்? வருகைப் பதிவேடு வைத்தேன். தினமும் காலை பத்து மணிக்கு வாட்ஸாப்பில் பெயர் வாசித்தேன். நான் படித்து, சிவப்பு மையால் திருத்தி, கையெழுத்திடாமல் ஒரு விளம்பரமும் வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே விதி செய்தேன். நான் படித்த கான்வென்ட்டின் தலைமைக் கன்னியாஸ்திரீ, எங்கள் மதர் சுப்பீரியர், இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

சரி, நேரில் உலுக்கினால் அசைவார்கள் என்று புறப்பட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்தாமலே, "அக்கா, நான் ரெடிதான். அந்தப் பேப்பரை மட்டும் நீங்க..." என்றாள். "சாக்குச் சொல்லாதே" என்று வாயை அடைத்துவிட்டு, கம்பீரமாக உட்கார்ந்தேன். அவள் ஊசி குத்தி வைத்திருந்த சட்டையின் மேல். நான்கு குண்டூசிகளோடு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே விளையாட்டு ஆசிரியராக ஓய்வு பெற்ற நம் விசில் மாஸ்டர். "உக்காருங்கம்மா" என்றார். எப்படி உட்காருவது? நின்றபடியே கண்டித்தேன். "நானா தூங்கறேன்? எழுதிக் குடுத்து எத்தனை நாளாச்சு..." என்று தொடங்கினார். குறுக்கே பேசினால் வெளியே நிறுத்துவேன் என்றேன். அவர் வீட்டிலிருந்தே. பாவம், போய் வாசலில் நின்றார், ஒழுங்கு தெரிந்தவர். மூன்றாவது, பல் டாக்டரம்மா. நான் கண்டிக்க வாயைத் திறந்ததும் அவர் கருவியை உள்ளே விட்டுவிட்டார். அரைமணி நேரம் அவர்தான் ஏதோ குறை சொன்னார்; கருவியின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு பல் குறைவாக வீடு திரும்பினேன். புள்ளிகள் அப்படியே சிவப்பு.

ஆகவே தம்பி, பாசம் வேறு, நிர்வாகம் வேறு. அசையாதவர்களில் முதல் ஆளாக உன்னை நீக்குகிறேன். உன் இடத்தில் உன் மனைவியைச் சேர்ப்பதாக இருக்கிறேன். கண் இமைக்காமல் பேசுகிறாள், விற்பனைக்கு உதவும்.

அவளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. நீ நீண்ட ஆயுளோடும், கூடுமானால் அசைவோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
அணித்தலைவி (நாளை வரை)

பி.கு.: பதிவேட்டில் உன் பெயரை அடிக்கப் போனேன். அதன் அடியில் ஒரு நீலக் கோப்பு. உள்ளே, நீங்கள் நால்வரும் திருத்தத்துக்குக் கொடுத்த முப்பத்தொரு விளம்பரங்கள். மூன்று மாதமாக என் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. எனவே மேலே என் முழங்காலைப் பற்றி எழுதியது தவிர மற்ற எல்லாம் ரத்து. கடிதத்தைக் கிழித்து வேறு எழுதியிருக்கலாம். ஒரு பிழைகூட இல்லாத கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. முப்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டு, மற்ற மூவருடையதையும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டேன். தையல்காரியும் விசில் மாஸ்டரும் அடுத்த நிமிடமே பச்சை. டாக்டரம்மாவின் விளம்பரம் ஆறு பக்கம். இன்னும் டைப் செய்துகொண்டிருக்கிறார். மூன்றாவது புள்ளி உன் கையில்தான். உன்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன்: "மிக்சி நல்லாருக்கு, வாங்குங்க." கடைசி முற்றுப்புள்ளி மட்டும் நான் வைத்தது. நீலக் கோப்பைப் பற்றி ஓரகத்தியிடம் மூச்சு விடாதே. குளித்தது போதும், வெளியே வா.