இலங்கைக்கு நடந்து போன தவளை

ஒரு தவளை மேல் இருபது வருஷமாகக் கோபமாக இருக்கிறேன். மூன்று பிள்ளைகளைப் பெற்றவன், நாலு புஸ்தகம் படித்தவன் என்று பெயர் வாங்கியவன் வெளியே சொல்லிக்கொள்கிற விஷயம் இல்லைதான். ஆனால் என் பக்கத்து நியாயத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. தவளையின் பக்கத்தை ஊரே கேட்டது.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. (அந்த வயதில் எனக்குத் தெரியாதது உலகத்தில் மிகக் கொஞ்சம்.) பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான உபாத்தியாயர் வேலை காலியாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். ஊர்ப் பெரியவர்களுக்குப் புரியும்படி ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும், கண் முன்னால் ஒரு பரிசோதனை காட்ட வேண்டும். தேறினால் வேலை. வேலை கிடைத்தால் கல்யாணம். தன் மகள் கோமதியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த சொக்கலிங்க மாமா, "உத்தியோகம் ஆகட்டும், மாப்ளே" என்று நாள் பார்க்காமல் நிறுத்தி வைத்திருந்தார்.

புத்தியுள்ளவன் ஒரு காந்தத்தால் நாலு ஊசியைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையோடு வீட்டுக்குப் போயிருப்பான். நான், தவளைகள் தீவுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று விளக்கக் கிளம்பினேன்.

ஓர் ஆங்கிலப் புஸ்தகம் செய்த வேலை அது. நடுச்சமுத்திரத்தில் எரிமலை கக்கி உண்டான தீவுகளில் தவளை இருப்பதில்லையாம். இலங்கையிலோ ஏராளம். தவளையின் தோல் உப்பைத் தாங்காது; கடலில் நீந்தினால் பாதி வழியிலேயே கதை முடிந்துவிடும். அப்படியானால் அது இலங்கைக்கு நடந்துதான் போயிருக்க வேண்டும். நடந்தது என்றால் நடுவில் நிலம் இருந்திருக்க வேண்டும். அதற்குக் கல்லே சாட்சி. நம் மகேந்திரகிரிப் பாறையும் இலங்கை மலைப் பாறையும் ஒரே சாதி. கடல் இடம் மாறுமா என்று கேட்பவர்களுக்குக் கொற்கை. பாண்டியன் கப்பல் கட்டிய துறையில் இன்று வாழை குலை தள்ளுகிறது. பின்னால் கடல் புகுந்து பிரித்ததும், இந்தக் கரைத் தவளை ஒரு விதமாகவும் அந்தக் கரைத் தவளை வேறு விதமாகவும் மாறிப்போயின. கல்லைப் படித்தால் தவளையின் குலவரலாறு தெரியும். இதில் எந்த இடத்தில் தப்பு, சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு இரண்டு கண்ணாடி ஜாடி. ஒன்றில் தாமிரவருணித் தண்ணீர், மற்றதில் கடல் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரில் சுகமாக இருக்கும் தவளை, கடல் தண்ணீரில் துடிக்கும். (துடித்தவுடன் வெளியே எடுத்துவிடுவதாக இருந்தேன். நான் கொலைகாரன் அல்ல.) தவளையை நானே குறுக்குத்துறை வயலில் முழங்கால் சேற்றில் விழுந்து பிடித்தேன். கடல் தண்ணீருக்கு மாமா. திருச்செந்தூருக்கு ரயில் இல்லாத காலம். அவர் விசாகத்துக்கு வண்டி கட்டிப் போனார்.

"மாமா, ஒரு குடம் கடல் தண்ணி வேணும். கடல் தண்ணி."

"அதுக்கென்ன, கொண்டாந்துட்டாப் போச்சு."

கொண்டுவந்தார். வாயைத் துணியால் கட்டிய பித்தளைக் குடத்தை, இரண்டு நாள் வண்டியில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தார். நான் ஜாடியில் ஊற்றி 'கடல் நீர்' என்று கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டினேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்துவிட்டது. மகேந்திரகிரியையும் இலங்கையையும் அரை மணி நேரம் ஒட்டிவைத்தேன். பிறகு தவளையை எடுத்தேன்.

முன்வரிசையில் அரிசி மண்டி அண்ணாச்சி எழுந்தார். "தவளையைக் கொல்லுததுக்கா வே எங்களை மெனக்கெட்டுக் கூப்பிட்டீரு?"

"சாகாது அண்ணாச்சி. துடிக்கும், அவ்வளவுதான்."

"துடிக்கதைப் பாக்கத்தான் வந்தோமாக்கும்."

கடல் நீர் ஜாடியில் போட்டேன். தவளை முங்கியது. எழுந்தது. காலை நீட்டி ஒரு சுற்று நீந்தியது. பிறகு மூக்கை வெளியே வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவனைப் போல என்னைப் பார்த்தது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். யாருக்கும் அவசரமில்லை, தவளைக்கு அறவே இல்லை.

"கடல்லயே இந்தப் போடு போடுது," என்றார் அண்ணாச்சி. "இலங்கைக்கு நீந்தியே போயிருக்கும் வே. இதுக்குப் போயி மலையையும் கல்லையும் இழுத்துட்டாரு."

மண்டபம் சிரித்தது. தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. மேஜைக்கு வந்தார், ஜாடியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இது நல்ல தண்ணி."

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து மாமா, பாராட்டை ஏற்றுக்கொள்கிறவர் போல எழுந்தார்.

"நல்ல தண்ணி இல்லாம? நாழிக்கிணத்துத் தண்ணிலா. கோயிலுக்குப் போயிட்டு உப்புத் தண்ணியையா சொமந்துட்டு வருவாக? மருமகனுக்கு நல்ல காரியம் நடக்கப் போவுது, முருகன் தண்ணியாவே இருக்கட்டும்னு கொண்டாந்தேன்."

அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக்கு நடுவே நல்ல தண்ணீர் ஊறும் கிணறு அது. வேல் பட்டு ஊறியது என்பார்கள். அதை ஒரு விஞ்ஞான மேஜையில் வைப்பார்கள் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "துடிக்கும்னாரு இவரு. துடிக்க விட்டானா பாத்தியளா, முருகன்?" அடுத்த கணம் கையைக் குழித்து நீட்டினார். அவர் பின்னால் வரிசை நின்றது. மிஷன் பள்ளிக்கூடத்து மண்டபத்தில், நான் தவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, மாமா ஜாடியிலிருந்து தீர்த்தம் கொடுத்தார். தவளை முங்கிய தண்ணீர் என்று இரண்டு முறை சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

தலைமை ஆசிரியர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "பாடம் நடத்தத்தான் தம்பி ஆள் தேடுதோம். பூசை நடத்த இல்லை."

வேலை போயிற்று. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை; தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துத் தூத்துக்குடியில் எனக்கு ஓர் உத்தியோகம் வாங்கிக் கொடுத்து, கோமதியையும் கொடுத்தார். உத்தியோகம் உப்பு இலாகாவில். இருபது வருஷமாக ஜன்னலைத் திறந்தால் எதிரே உப்பு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதில் ஒரு கைப்பிடி அன்று இருந்திருந்தால் போதும். என் கொள்கை இன்றும் சரி. எந்தப் புஸ்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். என் வீட்டில்தான் எடுபடாது.

போன வாரம் ரசம் வாயில் வைக்க முடியவில்லை. "உப்புக் கரிக்குதே" என்றேன். கோமதி ரசத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"ஏல, யாராவது போயி ஒரு தவளையப் பிடிச்சுட்டு வாங்க. அதுகிட்ட கேட்டுக்கிடுவோம். ஒங்க அப்பா நாக்கை நம்ப முடியாது."