ஊர்வலத்தில் ரேஸ் கிளட்ச்

சர்ச்சிலிருந்து மண்டபம் அரை கிலோமீட்டர்தான். ஆனால் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில் போகவேண்டும். செங்கல்பட்டில் கல்யாணக் காருக்கு அதுதான் மரியாதை. ஜெபக்குமாரின் காரோ நின்றால் நிற்கிறது, கிளம்பினால் பாய்கிறது.

முதல் பாய்ச்சலிலேயே, பின் சீட்டிலிருந்த மணப்பெண் ரூத்தின் கிரீடம் மாப்பிள்ளை ஜான்சனின் மூக்கில் இடித்தது.

"மாமா, பாத்து!" என்று கத்தினாள் ரூத்.

"வண்டிக்கு இன்னா ஆச்சுங்க?" என்றாள் முன் சீட்டிலிருந்த அன்பரசி. காரை ஓட்டும் ஜெபக்குமாரின் மனைவி, ரூத்தின் அக்கா.

"ஒண்ணுமில்ல. ரோடு மேடு பள்ளமா கீது."

ரோடு போன வாரம்தான் போட்டது. என்ன செய்ய, உண்மையைச் சொன்னால் ஆள் காலி. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக, அன்பரசிக்குத் தெரியாமல் ரேஸ் கிளட்ச் போடச் சொல்லியிருந்தான். தெரிந்தால் டிராக் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது.

மெக்கானிக் கண்ணாயிரம் அப்போதே தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணாத்த, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டின்னா நடுவாந்தரமா ஒண்ணு எடு. ரேஸுக்குப் போடற செராமிக்கு கிளட்சு கப்புனு புடிக்கும். ஊர்ந்துகினு போவ முடியாது."

"கப்புனு புடிக்கறதுதான்யா எனக்கு வேணும்!"

நேற்றுக் காரைக் கண்ணாயிரத்தின் ஷெட்டில் விட்டான். இன்று காலை போனபோது கண்ணாயிரம் இல்லை; பக்கத்து டீக்கடையில் அவன் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு சர்ச்சுக்குப் பறந்தான். வழியெல்லாம் குலுங்கல். ஆகா, ரேஸ் கிளட்ச் என்றால் சும்மாவா என்று பூரித்துப்போனான்.

ரேஸ் கிளட்ச் என்றால் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுக்க வேண்டும். வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்ற பாடம். மிதித்தான், எடுத்தான். கார் போய் டிரம் அடிப்பவரின் முதுகில் செல்லமாக முட்டியது.

"யோவ்! இது கல்யாணமா, கருமாதியா?"

சரி, இடைவெளி விட்டுப் போவோம் என்று பின்தங்கினான். பிறகு எட்டிப்பிடிக்க மிதித்த மிதியில் பேண்டுக்காரர்கள் ஓட்டமெடுத்தார்கள். ஓடினால் பாட்டும் ஓடும்தானே! பாட்டு வேகமானதும் சொந்தக்காரர்கள் குத்தாட்டம் போட்டார்கள். ரூத் சிரிப்பை அடக்க முடியாமல் ஜான்சன்மேல் சாய்ந்தாள்.

"இன்னாங்க, தீயற வாசன வருது?" என்றாள் அன்பரசி.

"பிரியாணியா இருக்கும்."

"மண்டபமே இன்னும் வரலியே!"

ஒருவழியாக மண்டப வாசலில் கார் புகையோடு நின்றது. கூட்டம் விசிலடித்தது. ஜான்சன் இறங்கி வந்து ஜெபக்குமாரைக் கட்டிக்கொண்டான். "சகல, இந்த மாதிரி ஊர்வலம் எவனுக்கும் நடந்ததில்ல!"

அன்பரசியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஜெபக்குமாருக்கு வாய் நிற்குமா?

"எல்லாம் ரேஸ் கிளட்சு! ஞாயித்துக்கெழம டிராக்குல ஓட்டறதுக்குப் போட்டது! சாதாரண கிளட்சுன்னா கொழந்தகூட ஓட்டும். இத ஊர்வலத்துல ஓட்ட செங்கல்பட்டுலயே என்னை விட்டா ஆளில்ல!"

அன்பரசியின் சிரிப்பு நின்றது. ஒரு முறை முறைத்தாள். கல்யாண வீடு, தங்கை முகத்தில் அத்தனை பூரிப்பு; மனசு இளகிவிட்டது.

"போய்த் தொலைங்க. ஞாயித்துக்கெழம நானும் வந்து பாக்கறேன், உங்க தெறமய."

ஜெபக்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது கண்ணாயிரம் பைக்கில் வந்து இறங்கினான். கையில் பிரிக்காத அட்டைப்பெட்டி.

"மன்னிச்சுக்க அண்ணாத்த, பார்சலு இப்பதான் வந்துது. உன் வண்டில நான் இன்னும் கையே வெக்கல, பழைய கிளட்சுதான் கீது. சாவியக் குடு, மாட்டிடறேன்."