எட்டுப் பேர் ஏறலாம்

அன்பு மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதிக்கொள்வது.

வழக்கமாக "நாங்கள் இங்கே நலம்" என்று ஆரம்பிப்பேன். இப்போது "நாங்கள்" என்று எழுத வீட்டில் ஆள் போதவில்லை. ஆகவே, நான் நலம். உங்கள் அக்கா பதினொரு நாளாக உங்கள் வீட்டில் இருப்பதால், அவளுடைய நலத்தை நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். நடந்ததில் பாதியை அவள் சொல்லியிருப்பாள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். கேட்டபின் அவளுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பி வைக்கும் பொறுப்பு உங்களுடையது.

எல்லாம் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஆரம்பித்தது. "எட்டுப் பேர், 544 கிலோ" என்று உள்ளே ஒரு தகடு இருக்கும். ஆளுக்கு 68 என்று கணக்கு. முப்பத்திரண்டு வருடம் முன்பு குடிவந்த அன்று நாங்கள் எட்டுப் பேர் அதில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டோம். எட்டுப் பேருக்கு நடுவே ஒரு நாற்காலி போடலாம் போல அவ்வளவு இடம் இருந்தது. அதிக எடைக்கு அடிக்கும் மணி அன்று மூச்சு விடவில்லை. போன வருடம் லிஃப்டைப் பழுது பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஏழாவது ஆள் கால் வைத்தாலே மணி அலறுகிறது. சரி, இத்தனை நாள் கெட்டுக் கிடந்த மணி இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அந்த ஏழாவது ஆள் நானாகிவிட்டேன். வாசலுக்குப் போய்ச் செய்தித்தாள் வாங்கி வர வேண்டும். கால் வைத்ததும் மணி அடித்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் தகட்டைக் காட்டினேன். நான்காம் மாடிப் பல் டாக்டர் அம்மா, கடைசியாக ஏறியவர்தான் இறங்குவது வழக்கம் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். நான் இருப்பது இரண்டாம் மாடி, இறங்க வேண்டியது முப்பத்திரண்டு படி என்பது வேறு விஷயம். தகடு எட்டு என்கிறது, நான் ஏழு. முப்பத்து நான்கு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவனை, எடை காரணமாக வெளியே நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அன்றே ஆராய்ச்சியில் இறங்கினேன். 544-ஐ ஏழால் வகுத்தால் 77 கிலோ சொச்சம். அதற்கு மேல் போனால்தானே மணி அடிக்கும்? ஆக, ஆளுக்குப் பத்துக் கிலோ ஏறியிருக்கிறது. எப்படி ஏறாமல் இருக்கும், மாப்பிள்ளை? அந்தக் காலத்தில் இந்தக் கட்டடத்தில் தொலைபேசி காவலாளி அறையில் ஒன்றே ஒன்றுதான், மணி அடித்தால் மேலிருந்து ஓடி வருவோம், போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும், திரும்ப ஏறுவோம், ஏறியதும் மறுபடி அடிக்கும். பாலுக்கு விடியலில் வரிசையில் நிற்போம், துணியை மொட்டை மாடியில் கையால் துவைப்போம், பம்பு கெட்டால் தண்ணீரை வாளியில் சுமப்போம், தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றவேண்டுமென்றால்கூட எழுந்து போய்த் திருக வேண்டும். விருந்தாளிக்குத் தட்டில் நான்கு பிஸ்கட் வைத்தால் அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் போனபின் அந்த மூன்றும் டப்பாவுக்குத் திரும்பும். இப்போது பசி வருவதற்கு முன்னாலேயே சாப்பாடு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறது, அந்தப் பொட்டலமும் லிஃப்டில்தான் ஏறுகிறது. பல் டாக்டர் அம்மா லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, பூங்காவுக்குப் போய் மூன்று சுற்று நடந்துவிட்டு, காரில் திரும்பி, லிஃப்டில் ஏறுகிறார். எங்கள் சங்கச் செயலாளர் உடற்பயிற்சிக்கு ஓடும் இயந்திரம் ஒன்று வாங்கினார். இப்போது அதில் அவருடைய ஈரச் சட்டைகள் காய்கின்றன. அவர் இடுப்புப் பட்டையில் ஆணியால் போட்ட புது ஓட்டைகளை மட்டும் நான் மூன்று எண்ணியிருக்கிறேன்.

நான் மட்டும் அப்படியே இருக்கிறேன் என்று சொல்லவரவில்லை. வேலையில் இருந்தபோது சந்தை சந்தையாக நடந்தவன். ஓய்வுக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. அதில் பாதி எலும்பின் கனம்.

ஆராய்ச்சி என்றால் ஆதாரம் வேண்டும். ஆள் ஏறி நிற்கும் தராசை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருவரும் ஏறவில்லை. ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார், ஒருவர் ஊரில் இல்லை என்று அவரே சொன்னார். கடைசியில் ஏறி நின்றது உங்கள் அக்கா ஒருத்திதான். 74. மற்றவர்களுக்குக் கண் மதிப்பில் எடை போட்டேன், அனுபவப்பட்ட கண் என்பதால் தப்பு வர வாய்ப்பில்லை. ஒரு முழுத் தாளில் "அன்றும் இன்றும்" என்று தலைப்பிட்டு, வீட்டு எண், அன்றைய எடை (தகட்டுக் கணக்கில் எல்லாருக்கும் 68), இன்றைய எடை, மிகுதி என்று கட்டம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நேரில் எடுத்த எடை என்பதால் உங்கள் அக்காவுடையதை முதலில் போட்டு, மிகுதி ஆறு கிலோ என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன். என் பெயரைச் சேர்க்கவில்லை. ஆய்வு செய்பவர் பட்டியலில் வரக்கூடாது, அது முறையல்ல.

மாலையில் அவள் காய்கறிப் பையோடு அந்தப் பலகை முன் நின்றிருக்கிறாள். பக்கத்தில் நாலு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்களாம். மேலே வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"டாக்டர் கேட்டிருப்பார்னு நெனச்சுத்தான் ஏறி நின்னேன். நீங்க கூப்பிட்டீங்களேன்னு ஏறி நின்னேன். ஊர் பாக்கறதுக்கா ஏத்துனீங்க?" என்றாள்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆறு கிலோதானே, மற்றவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு பதினைந்து என்று ஆறுதல் சொன்னேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போய்விட்டாள்.

செயலாளர் அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னார். எழுத்து மூலம் கேளுங்கள் என்றேன். இப்போது நான் லிஃப்டுக்கு வந்தால் மற்றவர்கள் ஏதோ மறந்துவிட்டாற்போல வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பதினொரு நாளாகக் காலையும் மாலையும் ரொட்டிதான். இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு நல்லதுதான், ஆனால் எனக்கு நல்லதாக இல்லை. தேநீர் போட்டால் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிடுகிறேன்.

நான் ஒன்றும் பிடிவாதக்காரன் இல்லை. அன்று அவள் சாப்பிட்ட பிறகு, வளையலோடு ஏறினாள் என்று அடிக்குறிப்பு போட்டு, நானூறு கிராம் கழித்துத் தரத் தயார். தப்பு என்று மட்டும் எழுதமாட்டேன். எண் எண்தான். அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நன்றாக வளரட்டும், உயரத்தில் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று காலை லிஃப்ட் மெக்கானிக் வந்தார். லிஃப்டின் கூரைமேல் ஏறியவர், பிடிக்க இரண்டு ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கத்தினார். போன வருடம் கழற்றிய பழைய மோட்டாரையும் இரண்டு இரும்புக் கட்டிகளையும் மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நூற்று முப்பது கிலோ இருக்கும் என்றார். அதை இறக்கியதும், சோதித்துப் பார்க்க எட்டுப் பேரை ஏறச் சொன்னார். செயலாளர், பல் டாக்டர் அம்மா எல்லாரும் ஏறினார்கள். எட்டாவது ஆள் நான். மணி அடிக்கவில்லை. எட்டுப் பேரில் கனத்த உடம்பு யாருடையது என்பதை ஒருவரும் சொல்லவில்லை, எல்லாரும் மரியாதையாகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தக் கடைக்கு ஆய்வுக்குப் போனாலும் முதலில் தராசுத் தட்டு காலியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அதை மறந்ததில்லை. இந்தத் தடவை தட்டைப் பார்க்கவில்லை, நம்பி ஏறி நின்றவளைத்தான் பார்த்தேன். பலகையில் இருந்ததை நானே கிழித்துவிட்டேன், அவள் மனதில் இருப்பதை எப்படிக் கிழிப்பது என்று தெரியவில்லை.

மேலே எழுதிய எதையும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவளாக வரவும் வேண்டாம், சனிக்கிழமை நானே வருகிறேன். உங்கள் வீடு நான்காவது மாடி, லிஃப்டும் கிடையாது. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏறி வர நேரமாகும். அதுவரை கதவைத் தாழ்போட வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.