சணப்பு தின்ற ஆடுகள்

"ஏய் பேச்சாயி! ஒன் ஆடுக வாயில இருக்கறது என் தோப்பு உரம்!"

சுருளிவேல் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் பறந்தோடின. ஆடுகள் மட்டும் தலை நிமிரவில்லை.

கத்தாமல் என்ன செய்வார்? மாமனார் கொடுத்த தோப்பு. இரண்டு வருஷமாக ஒரு பிஞ்சு நிற்கவில்லை. "இந்தத் தடவையும் காய்க்கலைன்னா மூத்த மருமகனுக்கே குடுத்துருவேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். அந்த மூத்த மருமகன் சின்னக்கண்ணுவின் தோப்பு, வேலிக்கு அந்தப்புறம்.

'மண் செத்துப்போச்சு. சணப்புச் செடி விதைச்சு, பூத்ததும் மண்ணுக்கு உரமா மடக்கி உழுங்க. அப்புறம் ராவுல ஆடுகளைத் தங்கவச்சு ஆட்டுக்கிடை போடுங்க' என்றார் கிராம சேவக். சுருளிவேல் அட்சரம் பிசகாமல் விதைத்தார். கிடைக்காரி பேச்சாயிதான் உழவுக்கு முந்தியே மந்தையோடு வந்துவிட்டாள்.

"நீங்கதானப்பு வரச் சொன்னீக?"

"உழுத பெறகு வரச் சொன்னேன்! தின்னதுக்கு யாரு பதில் சொல்றது?"

"ராவுல இங்கயே கிடை போட்டா அம்புட்டும் புழுக்கையா விழுந்துரும். எனக்கு ராச்சோறு மட்டும் குடுங்க. வழக்கந்தான?"

"சணப்பையும் குடுத்து சோறும் போடணுமா? என்ன அநியாயம்!"

சுருளிவேல் தோப்பு வாசலை முள்ளால் அடைத்தார். தின்றதற்கு ஈடாகப் பகல் முழுக்க இங்கேயே கிடந்து புழுக்கை போடட்டும் என்பது தண்டனை. வேறு வேலையில்லாத ஆடுகள் மீதிச் சணப்பையும் மேய்ந்தன. பொழுது சாய்ந்ததும், இராத்தங்கினால் சோறு போட வேண்டுமே என்று எல்லாவற்றையும் வெளியே விரட்டினார்.

"ஒரு சட்டிச் சோறுதானங்க, நான் போடுறேன்" என்றாள் மனைவி மூக்காயி.

"போட்டுப் பாரு! அப்புறம் நான் இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்!"

மறுநாள் ஆடுகள் தாமாகவே வந்தன. மறுபடி அடைத்தார், மறுபடி விரட்டினார். சின்னக்கண்ணு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"விடாதீங்க சகலை! அவளுக்கு ஒரு பருக்கை குடுக்காதீங்க!"

உலகத்தில் நியாயம் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரே என்று சுருளிவேலுக்கு வயிறு குளிர்ந்தது.

வாரக் கடைசியில் சணப்பு வெறும் குச்சியாக நின்றது. உழுது மடக்க ஓர் இலை இல்லை. சுருளிவேலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"என் தோப்பை மொட்டையடிச்சுட்டியே, பாவி! மந்தையை ஓட்டிக்கிட்டு இன்னைக்கே ஊரை விட்டுப் போயிரு!"

"போயிருவேன்ப்பு. ஒங்க சகலைதான் விடமாட்டேங்குறாரு. பகல்ல இங்க மேஞ்சுட்டு, ராவுல அவுக தோப்புல கிடை போட்டதுல, இன்னும் ரெண்டு வரிசை மரம் பாக்கி இருக்காம்."